பெரில் ரிம்மர் கையெழுத்துப் போட்ட பத்திரம்

பெரில் ரிம்மரின் பவர் பத்திரத்தில், சான்று தருபவர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது: லென் கார்ஸ்டாங், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், பக்கத்து வீடு. இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முதலில் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தவனும் நான்தான். அது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன், அவள் எப்படிப்பட்டவள் என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பெரில் எங்கள் ஊரான ஃப்ளீட்வுட்டில், இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் பிறந்தவள். பதினைந்து வயதில் மீன்பிடித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஐஸ்லாந்துக் கடலிலிருந்து வந்து இறங்கும் மீனை வகிர்ந்து முள் நீக்கும் வேலை. விடியற்காலையில் ஆரம்பித்து, ஐஸ் மிதக்கும் தண்ணீருக்குள் கையை விட்டு விட்டு எடுக்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் செய்தாள். இடது கட்டைவிரலில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. குளிர்காலத்தில் அந்த விரலை மடக்க முடியாது. ஆனால் ஞாபகசக்தி! போன மாதம் எந்த வியாழக்கிழமை எந்தக் கப்பல் வந்தது, யார் எத்தனை பெட்டி என்ன விலைக்கு எடுத்தான் என்று பேப்பர் பார்க்காமல் சொல்லுவாள் என்று துறையில் பேசிக்கொள்வார்கள்.

கணவர் ஸ்டான் மீன்பிடிக் கப்பலில் போனவர். மூன்று வாரம் கடலில், மூன்று நாள் கரையில். அந்த மூன்று நாளிலும் பாதி மதுக்கடையில் போய்விடும் என்று பெரில் சொல்வாள், ஆனால் கோபமில்லாமல் சொல்வாள். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கேனர், லீட்ஸில் ஒரு பள்ளிச் சமையலறையை மேற்பார்வை பார்க்கிறாள். இளையவன் டேரன், கிளீவ்லிஸில் இருக்கிறான், டிராமில் வந்தால் பதினைந்து நிமிஷம். பாய்லர் பழுது பார்ப்பது அவன் தொழில். ஸ்டான் 2009இல் இறந்துபோனார்.

நானும் என் மனைவி மார்ஜரியும் 1993இல் பக்கத்து வீட்டுக்கு வந்தோம். எங்கள் வெள்ளிவிழாத் திருமண நாளுக்கு பெரில் ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தாள். வெள்ளை லில்லிப் பூக்கள் போட்ட அழகான அட்டை. உள்ளே, உங்கள் இழப்பில் பங்குகொள்கிறோம் என்று அச்சடித்திருந்தது. மார்ஜரி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷம் உன்னோடு குடித்தனம் நடத்தியதற்கு இதைவிடப் பொருத்தமான அட்டை கிடையாது என்றாள். பெரிலும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவள் வேண்டுமென்றே செய்த கேலி என்றுதான் நாங்கள் நினைத்தோம். மார்ஜரி அப்படி நினைத்துக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தாள்.

2019 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தபோது பெரிலின் கையிலிருந்து பை நழுவி விழுந்தது. கடைக்காரர் ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்தாள், வார்த்தை வரவில்லை. பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டிருக்கிறது, இது ஓர் எச்சரிக்கை என்றார்கள். ஞாபகமறதிக்கான மருத்துவமனைக்கும் ஒரு தடவை போய் வரச் சொன்னார்கள்.

டேரன்தான் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்த அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டான். அம்மா ரொம்பக் குறைந்த மார்க் வாங்கியிருக்கிறாள், புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டதோ என்று சந்தேகப்படுகிறார்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றிருக்கிறார்கள் என்றான். சொல்லும்போது கையிலிருந்த வேன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒழுங்கானவன் டேரன். உடனே பவர் பத்திரத்துக்கான வேலையில் இறங்கினான். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பத்திரம் உண்டு. புத்தி தெளிவாக இருக்கும்போதே, என் பணத்தையும் வீட்டையும் இன்னார் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதிப் பதிவு செய்துவிட்டால், பிறகு புத்தி தடுமாறினாலும் அது செல்லும். எழுதாமல் விட்டு நிலைமை முற்றிவிட்டால், பெற்ற பிள்ளைகூட அம்மாவின் மின்கட்டணத்தை அவள் கணக்கிலிருந்து கட்ட முடியாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். டேரனுடைய நண்பன் ஒருவன் அப்படி அலைந்ததை அவன் பார்த்திருக்கிறான்.

பொறுப்பாளராக யாரைப் போடலாம் என்று டேரன் கேட்டபோது, பெரில் யோசிக்கவே இல்லை. கேனர் என்றாள். நானும் சேர்ந்து இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். வேண்டாம், கேனர் மட்டும் போதும் என்றுவிட்டாள். காரணம் சொல்லவில்லை.

"வாரத்துக்கு மூணு தடவ வர்றவன் நான். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவ வர்றவ பேரச் சொல்றாங்க. சரி, அவங்க இஷ்டம்," என்றான் என்னிடம். பத்திரத்தைக் கணினியில் பூர்த்தி செய்து, அக்காவின் பெயரைப் போட்டு, அச்செடுத்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். கையெழுத்துப் போடுகிறவர் விஷயம் புரிந்துதான் போடுகிறாரா, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று தனியாகப் பேசிப் பார்த்துச் சான்று சொல்ல, சொந்தக்காரர் அல்லாத ஒருவர் வேண்டும். இரண்டு வருஷமாவது பழகியிருக்க வேண்டும். நான் இருபத்தாறு வருஷம் பழகியவன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெரிலின் சமையலறையில் உட்கார்ந்தோம். தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். குறிப்பில் இருந்தபடி நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இது என்ன காகிதம் என்று தெரியுமா? டேரன் கொடுத்தது என்றாள். இதில் கையெழுத்துப் போட்டால் கேனர் என்னென்ன செய்யலாம்? வேண்டியதைச் செய்வாள் என்றாள். வீட்டைக்கூட விற்கலாம் தெரியுமா என்றேன். முகம் சட்டென்று மாறியது. அப்படியெல்லாம் எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். எட்டாவது பிரிவைப் படித்துப் பார்க்கச் சொல்லித் தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

"கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன்," என்றாள்.

கண்ணாடி அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் காட்டினேன். அவள் குனிந்து அதைப் பார்த்தாள், எடுத்துப் போட்டுக்கொண்டாள், தாளைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண் வரிகளில் ஓடவே இல்லை. ஒரு நிமிஷம் கழித்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று திருப்பித் தந்தாள். எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

டாக்டர்கள் சொன்னது நிஜம்தான் என்று முடிவு கட்டினேன். இருபத்தாறு வருஷம் பழகியதற்காக, புரியாதவளைப் புரிந்தவள் என்று நான் எழுதிக் கொடுக்கக் கூடாது. அன்று மாலையே டேரனுக்குப் போன் செய்து, என்னால் முடியாது, மன்னித்துவிடு என்று சொன்னேன். அவன் என்மேல் கோபப்படவில்லை. அப்போ காலம் கடந்துடுச்சு, இல்லையா என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் நல்ல மழை. நான் கேரட் சீவிக்கொண்டிருந்தபோது பின்கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு பெரில் உள்ளே வந்தாள். கோட்டுகூடப் போட்டிருக்கவில்லை.

"நேத்து எனக்குப் புத்தி போயிடுச்சுன்னு நெனச்சுட்ட, இல்ல?" என்றாள்.

நான் என்னவோ சமாளிக்கப் பார்த்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு, லென். எனக்குப் படிக்கத் தெரியாது."

பார்வை மங்கிவிட்டதைச் சொல்கிறாள் என்று நினைத்து, கண் டாக்டரிடம் போனாயா என்று கேட்டேன்.

"கண்ணு இல்ல. எழுத்து. எழுத்தே எனக்குத் தெரியாது. பேர மட்டும் எழுதுவேன். அதுவும் ஸ்டான் சொல்லிக் குடுத்தது."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். துண்டு கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொள்ளாமல் அதை மடியில் வைத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். ஆறு வயதில் இடுப்பெலும்பில் காசநோய் வந்திருக்கிறது. இரண்டு வருஷம் வெளியூர் ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து கால்வரை கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். பிழைத்துப் பள்ளிக்குத் திரும்பியபோது கூட இருந்த பிள்ளைகள் எல்லாம் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் நாற்பத்தைந்து பேர். டீச்சர் ஒருநாள் எழுந்து படிக்கச் சொன்னார். முடியவில்லை. விரல் முட்டியில் அடி விழுந்தது. அதற்குப் பிறகு கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை. பதினைந்து வயதில் மீனுக்கு எழுத்துத் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு மறைப்பதே ஒரு வேலையாகிவிட்டது. கண்ணாடி மறந்துவிட்டது, கையில் வெட்டுக்காயம், அவசரமாக இருக்கிறேன், நீயே எழுதிக்கொள் கண்ணு. ஓட்டலில் பக்கத்தில் இருக்கிறவர் கேட்பதையே தனக்கும் கேட்பது. டப்பாவில் இருக்கும் படத்தைப் பார்த்துச் சாமான் வாங்குவது. அட்டைகளில் பூவைப் பார்த்து எடுப்பது. அந்த லில்லி அட்டை எனக்கு அப்போதுதான் புரிந்தது. மறதிக்கான மருத்துவமனையில் ஓர் அட்டையைக் காட்டி, இதில் எழுதியிருப்பதைப் போலச் செய்யுங்கள் என்றிருக்கிறார்கள். அட்டையைப் பார்த்துச் சிரித்து வைத்திருக்கிறாள். ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றதற்குத் தன் பெயரை எழுதியிருக்கிறாள்.

அவர்களிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எழுபது வருஷமா யாருக்கும் சொல்லாதத, இருபத்தஞ்சு வயசு நர்ஸ் பொண்ணுகிட்டயா சொல்லுவேன்? பைத்தியம்னு நெனச்சா நெனச்சுக்கட்டும்னு வந்துட்டேன். நேத்து நீயும் நெனச்சப்போதான் தாங்கல."

ஸ்டானுக்குத் தெரியும். கேனருக்குத் தெரியும். மூன்றாவது ஆள் நான். டேரனுக்குத் தெரியாது.

அன்று மத்தியானமும் அடுத்த நாளும் அந்தப் பத்திரம் முழுவதையும் நான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போடும் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: இதை நான் படித்தேன், அல்லது பிறர் படிக்கக் கேட்டேன். அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

"அப்போ என்ன மாதிரி ஆளுங்க இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள்.

கேட்டதில் ஒன்றையும் அவள் விடவில்லை. முந்தின நாள் நான்காம் பக்கத்தில் ஒரு மாதிரி சொன்னாயே, இன்று வேறு மாதிரி வருகிறதே என்று என்னையே மடக்கினாள். பத்திரம் எப்போது நடப்புக்கு வரும் என்பதற்கு இரண்டு வழி உண்டு. பதிவானதுமே, அவள் சம்மதத்தோடு பயன்படுத்தலாம். அல்லது, புத்தி போன பிறகு மட்டும். டேரன் முதல் வழியில் குறியிட்டிருந்தான். பெரிலுக்கு அது பிடிக்கவில்லை. புத்தியோடு இருக்கும்வரை தன் மணிபர்ஸுக்குள் யார் கையும் நுழையக் கூடாது என்றாள். இரண்டாவது வழி என்றால், ஒவ்வொரு தடவையும் வங்கிக்காரன் டாக்டர் கடிதம் கேட்பான் என்று நான் சொன்னேன். ஒரு ராத்திரி யோசித்துவிட்டு வந்தாள். முதல் வழியே இருக்கட்டும், ஆனால் என் சம்மதத்தோடு என்பதை இன்னொரு தடவை படி என்றாள். எனக்கு அதற்குமேல் சந்தேகம் இருக்கவில்லை. புத்தி தெளிவாக இருக்கிற எத்தனை பேர் இவ்வளவு யோசித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

கேனரை மட்டும் ஏன் போடச் சொன்னாள் என்பதும் இப்போது விளங்கியது. டேரனிடம் நம்பிக்கை இல்லாததால் அல்ல. அவனைப் போட்டால் அவள் காகிதமெல்லாம் அவன் கைக்கு வரும், படிக்கத் தெரியாதது தெரிந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை கேனர் வந்தாள். ஐம்பத்து மூன்று வயது, அம்மாவைப் போலவே அகன்ற தோள். பெரில் என்னையும் இருக்கச் சொன்னாள். கேனர் கோட்டைக் கழற்றாமலே மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். தன் பெயரைப் பார்த்தாள். லென்னுக்குத் தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டாள். தெரியும் என்றாள் பெரில். அதற்குப் பிறகுதான் கேனர் உட்கார்ந்தாள்.

"நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்ம்மா," என்றாள்.

பெரில் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஏழு வயசுலேர்ந்து உன் கடிதாசியப் படிச்சிருக்கேன். பாட்டிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துதே, ஞாபகம் இருக்கா? எனக்கு ஒம்பது வயசு. 'இன்ஆபரபிள்' கட்டின்னு எழுதியிருந்தது. அந்த ஒரு வார்த்தைய எழுத்துக் கூட்டி மூணு தடவ படிச்சேன். எனக்கும் அர்த்தம் தெரியல, உனக்கும் தெரியல. தெருவுல போய் ஒரு அம்மாகிட்ட கேட்டுட்டு வந்து, அறுவை செஞ்சு எடுக்க முடியாதாம்னு உனக்குச் சொன்னேன். நீ அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்ட. யாருகிட்டயும் சொல்லிடாதேன்னு சொன்ன. பாட்டியப் பத்தின்னு நெனச்சேன். நான் உனக்குப் படிச்சுக் காட்டினதப் பத்திச் சொல்லியிருக்க."

அவள் குரல் உயரவே இல்லை. லீட்ஸுக்குப் போனதே அம்மாவின் தபால் வராத இடமாகப் பார்த்துத்தான், ஆனால் முகவரி எழுதி வைத்துவிட்டுப் போன உறைகளில் அது அங்கேயும் வந்துகொண்டேதான் இருந்தது என்றாள். அம்மா வேண்டாம் என்று இல்லை, வருவேன், பார்த்துக்கொள்வேன், ஆனால் இந்தக் கடிதங்களை இனி நான் சுமக்க முடியாது, டேரனிடம் சொல், அவன் நல்லவன், ஐம்பது வருஷமாக அவனுக்கும் சேர்த்து நான் ஒருத்தியே சுமந்துவிட்டேன் என்றாள்.

பெரில் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மேஜையிலிருந்த காகிதத்தை ஒழுங்காக அடுக்கி ஓரமாக வைத்தாள்.

"ஒம்பது வயசு," என்றாள். "நீ அப்போ பெரியவளா தெரிஞ்ச எனக்கு."

பிறகு எழுந்து போய், அடுப்பிலிருந்த இறைச்சிக் குழம்பை எடுத்து வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். போகும்போது கேனர் அம்மாவை வாசலில் கட்டிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

டேரனிடம் சொல்ல பெரிலுக்கு ஒன்பது நாள் பிடித்தது. ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிட்டேன் என்பாள் என்று நான் எதிர்பார்ப்பேன், அவள் மழையையும் காற்றையும் பற்றிப் பேசிவிட்டுப் போவாள். கடைசியில் நடந்ததை டேரனே என்னிடம் சொன்னான். அம்மா வீட்டு பாய்லரில் தண்ணீர் ஒழுகுகிறது என்று வந்து, சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்து அலமாரிக்குள் தலையை விட்டிருக்கிறான். வெளியே கால் மட்டும்தான் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அவளுக்கு அப்போது துணிச்சல் வந்திருக்கிறது. அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்கிறாள்.

உள்ளே சத்தம் நின்றுவிட்டது. அவன் வெளியே வரவில்லை.

"அப்போ என் ஸ்கூல் ரிப்போர்ட்டெல்லாம்?" என்று உள்ளிருந்தே கேட்டிருக்கிறான்.

"கேனர் படிப்பா."

"ராத்திரி ஏழு மணிக்கே தூங்க வைக்கணும்னு டீச்சர் எழுதியிருக்காங்கன்னு சொல்லி என்னத் தினமும் படுக்கைக்கு அனுப்பினீங்களே, அது?"

ரிப்போர்ட்டில் அப்படி இருந்திருக்காது என்பது பெரிலுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. "அப்போ அது அவளாச் சேத்ததுதான்," என்றிருக்கிறாள்.

அலமாரிக்குள் அவன் சிரித்திருக்கிறான். சிரித்துக்கொண்டே இருந்தவனுக்கு எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை என்று என்னிடம் சொன்னான். அவன் பள்ளிக்கூட நாளில் எழுதிக் கொடுத்த பிறந்தநாள் கடிதங்கள் எல்லாவற்றையும் அம்மா பீரோவில் அடுக்கி வைத்திருந்தாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்து அன்று அவளுக்குப் படித்துக் காட்டினான். சில கடிதங்களைக் கேனர் அப்போதே படித்துச் சொல்லியிருந்தாள், சிலவற்றை இல்லை.

மறதி மருத்துவமனைக்கு மறுபடி போனபோது டேரன் கூடவே உள்ளே போனான். படிக்கத் தெரியாது என்பதைப் பெரிலே சொன்னாள். அந்த நர்ஸ், போன தடவை இதைக் கேட்காதது எங்கள் தவறு என்று சொல்லியிருக்கிறாள். எழுத்தில்லாத வேறொரு சோதனையை வைத்தார்கள். புத்தி தெளிவாக இருக்கிறது, ஆனால் ரத்தக் குழாய்கள் பலவீனமாக இருக்கின்றன, பத்திரத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார்கள்.

பத்திரத்தைப் புதிதாக எழுதினோம். பொறுப்பாளர் டேரன். பதிவுக்கு முன் ஒருவருக்குத் தகவல் சொல்லி, ஆட்சேபணை உண்டா என்று கேட்க ஓர் இடம் உண்டு. அதில் கேனர் பெயரைப் போடலாமா என்று அவளிடமே போனில் கேட்டோம். அது நான் வாங்கிப் படித்துவிட்டு வைத்துக்கொள்கிற கடிதம்தானே, போடுங்கள் என்றாள். விருப்பங்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விடுகிறவர்கள்தான் அதிகம். பெரில் சொல்லச் சொல்ல டேரன் அதில் எழுதினான்: என் பெயருக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும், நான் கேட்க முடிகிறவரை, சுருக்காமல் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

கையெழுத்துப் போட்ட அன்று முழுப் பத்திரத்தையும் டேரன் படித்தான். ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு இடத்தில் வரி விட்டுப் படித்தான், இரண்டு இடத்திலும் பெரில் நிறுத்தினாள். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு, மீன் வகிர்கிறவள் கத்தியைப் பிடிப்பதுபோல அழுத்திப் பிடித்து, தன் பெயரை எழுதினாள். நாள் எழுதும் கட்டத்துக்கு எண் போதும். எண்கள் அவளுக்கு எப்போதும் தெரியும். அடுத்து நான் போட்டேன், கடைசியில் டேரன். அந்த வரிசை மாறினால் செல்லாது. எண்பத்திரண்டு பவுண்டு கட்டணத்தோடு அனுப்பினோம். பத்து வாரத்தில் எல்லாப் பக்கத்திலும் துளையிட்ட முத்திரையோடு திரும்பி வந்தது. வந்த உறையைப் பெரில் பிரிக்காமல் டேரன் வரும்வரை வைத்திருந்தாள்.

நூலகத்தில் பெரியவர்களுக்கு இலவசமாகப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள், போகிறாயா என்று நான் ஒருதரம் கேட்டேன். எழுபத்தைந்து வயதில் மீனுக்குக் கால் முளைக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டாள். அதோடு விட்டேன்.

இரண்டரை வருஷம் கழித்து, ஒரு அக்டோபர் காலையில் பெரிய பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. யார் வந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிகிறதா என்று சில நாள் சொல்லலாம், சில நாள் சொல்ல முடியாது. பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். அதற்கான செலவு, வீட்டு வரி, ஸ்டானின் ஓய்வூதியத்திலிருந்து அவளுக்கு வரும் பங்கு, எல்லாவற்றையும் டேரன் அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டுதான் நடத்தினான். ஒருநாள்கூட யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. வீட்டை விற்கும் நிலைமையும் வந்தது. விற்கிறேன் அம்மா, வேறு வழியில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு, விலைக் கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் விற்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகும்போது, அவன் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து தண்ணீர்க் கட்டண ரசீதைக் கூட ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, அச்சடித்த கம்பெனி முகவரி உட்பட, படித்துக்கொண்டிருப்பான். கேனர் மாதம் ஒருமுறை வந்தாள். அவள் எதையும் படிக்கவில்லை. அம்மாவின் தலையைச் சீவிவிடுவாள், கையில் களிம்பு தடவிவிடுவாள்.

2023 பிப்ரவரியில் பெரில் இறந்துபோனாள். அவள் மூச்சு நின்ற அந்த நிமிஷமே பத்திரத்தின் அதிகாரமும் நின்றுவிட்டது. டேரன் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் சொன்னான். இனி உயில்தான் பேசும் என்றார்கள்.

தகனத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். பின்வரிசையில் மூன்று கிழவிகள் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், மீன் துறையில் பெரிலோடு வேலை செய்தவர்கள். டேரன் தன் பேச்சில் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்பதைச் சொன்னான். அப்படிச் சொல்லச் சொல்லி அவளே முன்பு அனுமதி கொடுத்திருந்தாள். பிறகு தேநீரும் சாண்ட்விச்சும் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில், கேனர் அந்தக் கிழவிகளிடம் போய், உங்களுக்கெல்லாம் அதிர்ச்சியாக இருந்திருக்கும் இல்லையா என்று கேட்டாள்.

அவர்களில் மூத்தவள், ஆக்னஸ் என்பவள், கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எங்களுக்கு அப்பவே தெரியும் கண்ணு," என்றாள். "காலையில பலகையில யாருக்கு எந்த மேஜைன்னு எழுதிப் போடுவாங்க. எங்கள்ல ஒருத்தி அத சத்தமாப் படிப்போம், ஏதோ எங்களுக்காகப் படிச்சுக்கற மாதிரி. முப்பத்தோரு வருஷம் படிச்சோம். வெளிய யாருக்கும் சொல்லல. எங்களுக்குத் தெரியும்னு அவளுக்கும் சொல்லல."

கேனர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள்.